எட்டாம் மாதத்துக் கப்பல்

எந்த நாடு மேல் என்று என்னிடம் கேட்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. மாலத்தீவில் நான்கு வருடம், பூட்டானில் மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டுப் போர்ட் பிளேருக்குத் திரும்பியவன் நான். இப்போது ஜங்லிகாட்டில் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக் கடைக்கு மேலே அறை பிடித்து டியூஷன் எடுக்கிறேன். வீடு பத்துபஸ்தியில். டீக்கடையிலோ கல்யாணப் பந்தியிலோ யாராவது வாயைக் கிளறிவிட்டால் போதும், எதிரில் இருப்பவர் இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போகும்வரை நிறுத்த மாட்டேன்.

"பஸ் கரோங்க" என்பாள் என் மனைவி. 'போதும்' என்பதை இந்தியில் சொல்லி அதன் வாலில் தமிழ் மரியாதையை ஒட்டவைப்பது அவள் வழக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறோம். "ரெண்டு நாடும் எங்கயும் ஓடிறாது. சோறு ஆறுது."

உண்மையில் அந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பதே தப்பு. ஒன்று கடல்மட்டத்தில் கிடக்கிறது, இன்னொன்று மேகத்துக்குள் நிற்கிறது. மாலத்தீவில் நான் இருந்த தீவை இருபது நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். தெரு முழுக்க வெள்ளை மணல். ஆனால் என் வகுப்பறையில் ஏசி இருந்தது, புரொஜெக்டர் இருந்தது. குழாயில் வந்தது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். அரிசி, வெங்காயம், முட்டை எல்லாமே படகில் வர வேண்டும். படகு வராத வாரம் மீனும் தேங்காயும்தான். கையில் காசு புழங்கியது. ஆனால் தலைநகரில் ஒரு முழுக் குடும்பம் வாடகைக்கு இருந்த அறையை ஒருமுறை பார்த்தேன். கதவைத் திறக்க வேண்டுமென்றால் ஒருவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும்.

பூட்டானில் நான் இருந்த பள்ளத்தாக்கு இதற்கு நேர் எதிர். வீடுகள் மரத்தில், அகலமாக, நடுவில் விறகு அடுப்போடு இருந்தன. காசு குறைவு. நிலம் இருந்தது, மாடு இருந்தது. பச்சை மிளகாயைப் பாலாடைக்கட்டியோடு வேகவைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார்கள். அதுவே காய், அதுவே குழம்பு. முதல் வாரம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளைகள் ஒரு மணி நேரம் மலை இறங்கிப் பள்ளிக்கு வந்தார்கள். மழையில் சாலை சரிந்தால் கடையில் உருளைக்கிழங்கு மட்டும்தான் இருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் யாரும் யாரிடமும் பைசா கேட்டு நான் பார்த்ததில்லை.

இதில் எது முன்னேறிய நாடு? காசைப் பார்த்தால் கடல் நாடு. நிம்மதியைப் பார்த்தால் மலை நாடு என்று சொல்லத் தோன்றும். அது சுற்றிப் பார்க்க வந்தவன் பேச்சு. பனிக்காலத்தில் விறகு சுமந்து வந்த பெண்களின் உள்ளங்கையைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆகவே நானே ஒரு அளவுகோல் செய்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தொலைவில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சியை அந்த நாடு என்ன செய்கிறது என்று பாருங்கள், போதும் என்பேன்.

மாலத்தீவில் என் வீட்டுக்காரரின் மகள் கர்ப்பமாக இருந்தாள். பிரசவத்துக்கு இன்னும் எத்தனையோ வாரம் இருந்தது. ஒருநாள் காலையில் பாய், ரைஸ் குக்கர், ஒரு சாக்கு தேங்காயோடு அவளைப் படகேற்றித் தலைநகருக்கு அனுப்பினார்கள். அங்கே வாடகைக்கு அறை எடுத்து, பிள்ளை பிறக்கும்வரை காத்திருப்பாளாம். பாதித் தீவு படகுத்துறைக்கு வந்து நின்றது. "இவ்வளவு சீக்கிரமாகவா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காற்று மாறப் போகிறது" என்று மட்டும் சொன்னார்.

பூட்டானில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு இருந்தது. தூரத்து மலைக் கிராமங்களிலிருந்து கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து அங்கே தங்குவார்கள். சமைத்துக்கொள்ள அடுப்பு உண்டு. சக ஆசிரியர் ஒருவரின் மனைவி அங்கே இருந்தபோது ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ஏழெட்டுப் பெண்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சாலை எந்த நாள் மூடும் என்று தெரியாது, ஆகவே திறந்திருக்கும்போதே வந்துவிட வேண்டும் என்றார் ஆசிரியரின் மனைவி.

பணக்கார நாடும் செய்கிறது, பணமில்லாத நாடும் செய்கிறது. இரண்டும் கடலையும் மலையையும் முதலில் கேட்டுவிட்டுத்தான் மற்றதை முடிவு செய்கின்றன. இதை நான் எத்தனை பந்தியில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஊருக்குத்தான் உபதேசம்.

எனக்கு ஒரே தங்கை. என்னைவிடப் பதினோரு வயது இளையவள். அப்பா போய் வெகுநாளாயிற்று, அம்மா போய் ஆறு வருடம். அவள் கணவருக்குத் தெற்கே இருக்கும் கார் நிக்கோபார் தீவில் அரசாங்க வேலை. அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, போன வருடம், அவள் உண்டானாள். போனில் அதைச் சொல்லும்போது அவள் அழுதாள், நானும் அழுதேன், ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் நெகட்டிவ் வகை, என்னுடையதும் அதே. கார் நிக்கோபார் டாக்டர் ஆறாம் மாதமே சொல்லிவிட்டார்: "ஏழாம் மாதம் போர்ட் பிளேர் போய்விடுங்கள். அங்கேயே இருந்து பெற்றுக்கொண்டு வாருங்கள்." நல்ல டாக்டர். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது ஏழாம் மாதம், இல்லாவிட்டால் ஒன்பதாம் மாதம். ஒற்றைப்படைதான். எட்டில் அழைக்க மாட்டார்கள். அம்மா இல்லாத குறை தெரியக் கூடாது என்று நான் ஒன்றுவிடாமல் ஏற்பாடு செய்தேன். ஏழாம் மாதத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து, அதற்கு முந்தின கப்பலில் அவளுக்குப் படுக்கை எடுத்து, வளைகாப்புக்கு நாற்பது பேரைக் கூப்பிட்டாயிற்று. கடல் கெட்டது. கப்பல் ரத்து. அடுத்த கப்பல் பதினொரு நாள் தள்ளி. அந்தக் கப்பல் கார் நிக்கோபாரை விட்டுப் புறப்படும் நாளில் அவளுக்கு எட்டு பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அன்றைக்குக் காலை மாப்பிள்ளை போன் செய்தார். பின்னால் துறைமுகத்து இரைச்சல் கேட்டது.

"மச்சான், டிக்கெட் கையில இருக்கு. ஜஹாஜ் வந்து நிக்குது. ரெண்டு நாள்தானே வித்தியாசம். ஏத்தி விட்டுரவா?"

"ரெண்டு நாளோ ரெண்டு நிமிஷமோ, எட்டுன்னா எட்டுதான் மாப்ளே" என்றேன். கணக்கு வாத்தியார் அல்லவா. "நாலு வாரம் பொறுங்க. ஒன்பது பொறந்ததும் நானே வந்து கூட்டிட்டு வர்றேன்."

"டாக்டர் போகச் சொல்றாரே."

"அங்க என்ன ஆஸ்பத்திரி இல்லையா? ஏர்ஃபோர்ஸ் இல்லையா? நான் மாலத்தீவுல இருந்த தீவைப் பாத்தா நீங்க இருக்கறது சிட்டி."

அவருக்குப் பின்னாலிருந்து என் தங்கையின் குரல் கேட்டது. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். விடுங்க, திரும்பிப் போலாம்."

போனை வைத்தபோது மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"வரச் சொல்லுங்க. எட்டும் வேணாம் ஒன்பதும் வேணாம். நான் பாத்துக்கறேன்."

"எங்கம்மா இருந்தா எட்டுல கூப்பிடுவாளா?"

"உங்கம்மா இருந்தா டாக்டர் பேச்சைக் கேட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் கோபத்தில் சாப்பிடாமல் டியூஷனுக்குக் கிளம்பிவிட்டேன். அவளுக்கு என்ன தெரியும், மாமியாரைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாளே என்று வண்டியில் போகும்போது புழுங்கினேன். மறுநாள் மதியம் அந்தக் கப்பல் என் தங்கையின் படுக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு போர்ட் பிளேர் வந்து சேர்ந்தது.

மூன்றரை வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் மாதத்துக்கு நாலே நாள் இருந்தபோது கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். இரண்டு நாளாக விடாத மழை. கப்பல் எல்லாம் நங்கூரம் போட்டு நின்றன. ஹெலிகாப்டரும் பறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்குப் போன் வந்தது.

"மச்சான், இவளுக்குத் தலைவலி தாங்க முடியல. கண்ணு முன்னாடி என்னமோ மின்னுதுங்கறா. கால் ரெண்டும் வீங்கிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்." அவர் குரல் ஒரே சுரத்தில் வந்தது. ஒப்பிப்பது போல. "பிரஷர் ரொம்ப ஏறிருக்காம். டாக்டர் உங்ககிட்ட பேசணுங்கறாரு."

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். மருந்து கொடுத்திருக்கிறோம். இன்று வெளிச்சம் இருக்கும்போதே போர்ட் பிளேர் கொண்டுபோக வேண்டும். ஹெலிகாப்டருக்கு எழுதி அனுப்பியாயிற்று, மேகம் விலகினால் வரும், இருட்டிவிட்டால் வராது. ஆபரேஷனை இங்கேயும் செய்யலாம், ஆனால் இந்த வகை ரத்தம் இங்கே கையிருப்பில் இல்லை, குறைமாதக் குழந்தையை வைத்துப் பார்க்கிற வசதி அங்கேதான். "தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் தங்கை தைரியசாலி" என்றார். கடைசி வாக்கியத்தை ஏன் சேர்த்தார் என்று கேட்காமலே போனை வைத்தேன்.

எங்கள் தீவுகளில் அந்த மாதத்தில் ஐந்தேகால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆறரையிலிருந்து ஐந்தேகால். பத்தே முக்கால் மணி நேரம். கைக்கடிகாரத்தைப் பார்த்து அதை எண்ணியபோதே என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்த மண்டையில் வேறு ஒன்றும் ஓடாதா?

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஹெலிகாப்டர் ஆபீசுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பையன் என்னிடம் ஒரு காலத்தில் அல்ஜீப்ரா படித்தவன். எழுந்து நின்றான். "லிஸ்டில முதல் பேர் அவங்கதான் சார். மௌசம் கராப் ஹை. க்ளியர் ஆனா உடனே எடுப்பாங்க, பக்கா." வானிலை மோசம், அதைத் தவிர வேறு தடை இல்லை என்கிறான். திட்டுவதற்கு ஆள் தேடிப் போனவனுக்கு ஆள் கிடைக்கவில்லை. யாராவது ஒருவர் அலட்சியமாகப் பதில் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அங்கிருந்து ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்குப் போனேன். "என் தங்கை வருகிறாள், அவளுக்கு என் ரத்தம் சேரும், இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். எடுத்துக்கொண்டார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறைத்தது. அவளுக்கு வேண்டிய ரத்தம் இங்கே ஒரு பையில் இருக்கிறது, அவள் அங்கே இருக்கிறாள், நடுவில் ஒரு நாள் கப்பல் தூரம். மூன்றரை வாரத்துக்கு முன்னால் அவள் என் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்க வேண்டியவள்.

பதினொன்றரைக்கு மழை விட்டது. நான் வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் இருந்தால் விமான நிலையத்தில் எது ஏறினாலும் இறங்கினாலும் காதில் விழும். விருந்தாளிகள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள், எங்களுக்கு அது கேட்பதே இல்லை. அன்றைக்கு நான் மாடிப்படியில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஹெலிகாப்டர் ஏறும் சத்தம் கேட்டது. மனைவி ஈரக்கையோடு வெளியே ஓடி வந்தாள். அது எங்கள் கூரைக்கு மேலே தாழப் போய், தெற்கே திரும்பி, மேகத்துக்குள் மறைந்தது. உடனே மாப்பிள்ளையிடமிருந்து போன். "கிளம்பிருச்சாம் மச்சான். ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு, ரன்வேக்குப் போறோம். இந்தாங்க, அவ பேசணுங்கறா."

"அண்ணே" என்றாள். குரல் தூக்கத்தில் பேசுவது போல் குழறியது. "வெளிச்சம் குத்துதுண்ணே."

"கண்ணை மூடிக்க. சாயங்காலம் நம்ம வீட்டுல இருப்ப."

"மதினியை ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லு. நீ வராத, நீ அழுவ."

போகும் நேரம் ஒன்றரை மணி. ஏற்ற இருபது நிமிடம். திரும்ப ஒன்றரை. நாலேகாலுக்குள் வந்துவிடும். இருட்ட ஒரு மணி நேரம் மிச்சம். மனைவி அரிசி களைந்து போட்டாள். பீரோவிலிருந்து துவைத்த போர்வையை எடுத்து வைத்தாள். காலையிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருக்கவில்லை. இப்போது போர்வையை மடித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"ஒண்ணு கேக்கறேன். அந்த மாலத்தீவுப் பொண்ணை எந்த மாசம் படகுல ஏத்துனாங்க?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"எட்டாம் மாசம். நீங்கதான் சொல்லிருக்கீங்க, ஒரு நூறு தடவை. ரைஸ் குக்கர், தேங்காய் மூட்டை எல்லாம் எனக்கே மனப்பாடம். பூட்டான்ல சீட்டு விளையாடினவங்கள்ல எட்டு மாசக்காரி ஒருத்தி கூடவா இல்ல? ரெண்டு நாட்டையும் அளந்தீங்களே. நம்ம வீட்டுக்கு வந்தப்ப மட்டும் ஏங்க பஞ்சாங்கத்தை எடுத்தீங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் சொன்னது முழுக்க உண்மையாக இருந்ததால் வந்த கோபம். "வாயை மூடு" என்றேன். இருபது வருடத்தில் அவளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அவள் போர்வையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

இரண்டு பத்துக்கு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது.

"வந்துருச்சு!" என்று அவள் செருப்பைத் தேடி ஓடினாள். "ஏங்க, வந்துருச்சு, எழுந்திரிங்க!"

நான் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு ஐம்பது, இரண்டு பத்து. ஒரு மணி இருபது நிமிடம். அந்த நேரத்துக்குள் அது கார் நிக்கோபாரில் இறங்கியிருக்கவே முடியாது. கூட்டலும் கழித்தலும் தெரியாதவனாக இருந்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் நானும் சந்தோஷமாக இருந்திருப்பேன். அவள் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள்.

நடுக்கடலில் மேகம் சுவர் மாதிரி நின்றதாம். இரண்டு தடவை சுற்றிப் போகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அவர்கள் உயிரும் உயிர்தானே, அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை கூப்பிட்டபோது அழுதுகொண்டிருந்தார். ரன்வேயிலிருந்து திரும்பும் வழியில் அவளுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டது. இனிக் காத்திருக்க முடியாது, இங்கேயே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரத்தம் கேட்டுச் சர்ச்சிலும் ஏர்ஃபோர்ஸ் கேம்பிலும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "உங்களுக்கு அதே குரூப்தானே மச்சான்" என்றார். பாவம், என்ன பேசுகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. "அதே குரூப்தான் மாப்ளே" என்றேன். வேறு என்ன சொல்வது? முழங்கை மடிப்பில் காலையில் ஒட்டின பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றேன்.

அதன் பிறகு போன் வரவில்லை. நாங்கள் செய்தாலும் யாரும் எடுக்கவில்லை. வடித்த சோற்றை மூடி வைத்துவிட்டு மனைவி சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. தங்கையா குழந்தையா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். கேட்டால் நான் தங்கை என்றுதான் சொல்வேன். அப்படி நினைத்ததையே இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாலரை மணி. நாலே முக்கால். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் விளக்கேற்றிச் சங்கு ஊதினாள். ஐந்தே பத்துக்குப் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை, மனைவிதான் எடுத்தாள். "ம்" என்றாள். "ம்." பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"இவ இருக்கா மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு பேர் ரத்தம் குடுத்தாங்க. ஒரு ஏர்ஃபோர்ஸ்காரர், சர்ச்சுல பாடற ஒரு நிக்கோபாரிப் பொண்ணு. இவ பொழைச்சுக்குவான்னுட்டாங்க."

"குழந்தை?"

"பையன் மச்சான். அழவே இல்ல."

பத்து நாள் கழித்துத்தான் கடல் தெளிந்தது. முதல் கப்பலில் நான் போனேன். குழந்தையை அவர்கள் அங்கேயே அடக்கம் செய்திருந்தார்கள். பக்கத்து நிக்கோபாரிக் குடும்பங்கள் வந்து குழி தோண்டி, துணி கொண்டுவந்து, எல்லாம் முடித்துக் கொடுத்திருந்தார்கள். துறைமுகத்துக்கு மாப்பிள்ளை வண்டியோடு வந்திருந்தார். வழியெல்லாம் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ரோடு போட்டிருக்கிறார்கள், தண்ணீர் ஒழுங்காக வருகிறது, புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது என்று ஊர் நிலவரம் சொல்லிக்கொண்டு வந்தார். என்னிடம் பேசும்போது எல்லோரும் இதைத்தான் பேசுவார்கள். நான் பழக்கியது அப்படி.

அவள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தாள். காலடியில் ஒரு பை, ஜிப் போட்டு, தயாராக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள், தையல் இழுத்தது போல, மறுபடி உட்கார்ந்தாள். வரும் வழியில் ராத்திரி முழுக்கக் கப்பலில் நான் வார்த்தைகளை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"டிக்கெட் எடுத்துட்டியாண்ணே?" என்றாள்.

"எடுத்துட்டேன். நாளைக்கு மத்தியானம்."

அவள் தலையாட்டினாள். பிறகு பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, தயக்கமாக, சின்ன வயதில் பக்கத்துத் தெருவுக்கு விளையாடப் போக என்னிடம் அனுமதி கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்.

"இப்ப நான் வரலாமில்லண்ணே? இப்ப எந்த மாசமும் இல்லையே."

அவள் குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அப்படிப் பேசத் தெரியாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று.

"வரலாம்" என்றேன்.